மெதுவாக ஓடச் சொல்லும் வாட்ச்

மாரத்தான் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாக ஓட வேண்டியது. எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். நாமும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை முன்னால் போகிறவரைத் துரத்த ஆரம்பித்துவிடுவோம். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ திருவான்மியூரிலோ விடியலுக்கு முன் ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியம் பேசக்கூட மூச்சில்லாமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்த வேகத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓடினால், போட்டி வருவதற்குள் முழங்காலோ கணுக்காலோ கைவிட்டுவிடும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 47. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முழு தூரமான 42.195 கிலோமீட்டரை ஓடுவதென்று முடிவு செய்து ஆகஸ்ட் கடைசியில் பயிற்சியைத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் என்ன ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலையை மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்ச்சிடம் கொடுத்தேன். எந்தக் கம்பெனி வாட்ச் என்பது இங்கே முக்கியமில்லை. அடிப்படைக் கணக்கு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கணக்கு தெரிந்தால்தான் வாட்ச் சொல்வதில் எதைக் கேட்கலாம், எதை ஒதுக்கலாம் என்று நாமே முடிவெடுக்க முடியும். வாங்கிக் கட்டிக்கொண்ட பலருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வாட்ச் வருவதற்கு முன் எல்லாரும் அட்டவணையைத்தான் நம்பினோம். அமெரிக்க ஓட்டக்காரரும் எழுத்தாளருமான ஹால் ஹிக்டன் போட்டுக்கொடுத்த 18 வாரத் திட்டத்தை எத்தனையோ பேர் அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறார்கள். செவ்வாய் இவ்வளவு, புதன் இவ்வளவு, வாரக் கடைசியில் லாங் ரன். நல்ல திட்டம் அது, அதை வைத்து மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். ஆனால் நேற்றிரவு நாம் உறங்கினோமா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திவிட்டு ஒரு மணிக்குப் படுத்த வாரத்திலும், வைரஸ் காய்ச்சல் வந்து எழுந்த வாரத்திலும் அதே எண்தான் அங்கே நிற்கும். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் எங்கிருந்து தொடங்குவது என்றும் அது சொல்லாது.

வாட்ச் செய்வது வேறு. போட்டித் தேதியையும் தூரத்தையும் பதிந்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு இடைப்பட்ட காலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. முதலில் அடித்தளம் போடும் வாரங்கள், பிறகு பளு கூட்டும் வாரங்கள், பிறகு உச்சம், கடைசியில் போட்டிக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் தளர்வு வாரங்கள். இப்படிக் கட்டம் பிரித்துப் பழக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியர்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பேரி மெகி மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். 800 மீட்டர் ஓடுகிறவரையும் வாரத்துக்கு 100 மைல் ஓடவைத்து அடித்தளம் போட்டவர் லிடியர்ட். என் மணிக்கட்டில் காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கும் பயிற்சிக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அந்தக் கட்டங்களுக்குள் இன்றைக்கு என்ன ஓடுவது என்பதை வாட்ச் தினமும் காலையில் புதிதாக முடிவு செய்கிறது. இரவு உறக்கம், நேற்றைய ஓட்டம், கடந்த நான்கு வாரங்களின் மொத்தப் பளு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "45 நிமிடம், 136 துடிப்பு" என்று காட்டும். வேறொரு நாள் "10 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, மூன்று முறை" என்று காட்டும். ஓடாமல் விட்டால் நாளைய பயிற்சி மாறும். கார்மின் நிறுவனம் இந்த அன்றாடப் பரிந்துரையைத் தன் ஓட்ட வாட்ச்சில் கொண்டுவந்தது 2020இல். இதயத் துடிப்பைப் பகுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் அனலிட்டிக்ஸை அது வாங்கியதும் அதே ஆண்டுதான். போட்டித் தேதியை வைத்துப் பயிற்சியை மாற்றியமைக்கும் வசதி 2022இல் வந்தது. போலார், கோரோஸ், சூன்டோ வாட்ச்களும் தத்தம் வழியில் பயிற்சியைத் திட்டமிட உதவுகின்றன.

இவ்வளவுக்கும் வாட்ச் நேரடியாக அளப்பது மிகக் குறைவு. துடிப்பு, அசைவு, இடம், நேரம். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து போட்ட கணக்கு.

வாட்ச்சைக் கழற்றிப் புரட்டினால் பச்சை விளக்கு மின்னுவது தெரியும். ரத்தத்தின் சிவப்பு நிறமி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும், அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது வகுப்பே தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும். ஆனால் ஓடும்போது கை ஆடுகிறது, அந்த ஆட்டமும் ஒளியைக் கலைக்கும். பட்டை தளர்வாக இருந்தால் வாட்ச் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160, 170 அடி வைக்கிறார் என்பதால் அந்த எண் துடிப்பு போலவே தோன்றும். மெதுவாக ஓடும்போது திடீரென 170 காட்டினால் முதலில் பட்டையைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். வேகப் பயிற்சிகளுக்கு நான் மார்புப் பட்டை அணிகிறேன். அது இதயத்தின் மின் அலையையே பிடிக்கிறது. கம்பி இல்லாமல் துடிப்பை அளக்கும் கருவியை ஓட்டக்காரர்களுக்குக் கொண்டுவந்ததும் ஃபின்லாந்துதான். 1977இல் அங்கே தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் 1982இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வாட்ச் வாங்கியதும் எல்லாரும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நம் இதயத்தின் உச்சத் துடிப்பு என்ன என்று அதற்குச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் 220இலிருந்து வயதைக் கழித்துத் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். எனக்கு அப்படிக் கணக்கிட்டால் 173. ஆனால் கூட்டத்துக்குப் பொதுவான அந்தச் சூத்திரம் தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். மருத்துவரைப் பார்த்து இசிஜியும் ட்ரெட்மில் பரிசோதனையும் முடித்துக்கொண்ட பிறகு, மேம்பாலச் சரிவில் மார்புப் பட்டையோடு மூச்சு முட்ட ஏறி ஓடி எடுத்ததில் எனக்கு 184 வந்தது. இந்த 11 துடிப்பு எல்லாவற்றையும் மாற்றும். 138இல் ஓடும்போது உண்மையில் நான் உச்சத்தில் 75 சதவீதத்தில் இருக்கிறேன். சூத்திரத்தை நம்பும் வாட்ச், 80 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு எல்லாப் பயிற்சியையும் தவறாகப் போடும். நாற்பதைத் தாண்டியவர்கள் இந்தச் சோதனையை மருத்துவரின் அனுமதி இல்லாமல் செய்ய வேண்டாம்.

அடுத்தது விஓ2 மேக்ஸ். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதற்கான அளவு இது. பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ.வி. ஹில் 1920களில் மான்செஸ்டரில் தானே ஓடி, வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்து அளந்த காலத்திலிருந்து நீண்டதூர ஓட்டத்தின் அடிப்படை எண் இதுதான். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, நிற்க முடியாத நிலை வரை ஓடவைத்து எடுப்பார்கள். வாட்ச்சோ நாம் சும்மா மெதுவாக ஓடும்போதே கணித்துவிடுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் முறைதான். சமதரையில் நிமிடத்துக்கு 125 மீட்டர் வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 28.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை. அவர் துடிப்பைப் பார்த்தால் முழுத் திறனில் முக்கால் பங்குதான் உழைக்கிறார் என்று தெரிகிறது. அப்படியானால் முழுத் திறன் 38. இந்த எண்ணிலிருந்துதான் மாரத்தானை எவ்வளவு நேரத்தில் முடிப்போம் என்ற முன்கணிப்பும் வருகிறது. துடிப்பு தவறாக அளக்கப்பட்டால் இந்த முழுச் சங்கிலியும் தவறிவிடும்.

பளுவைக் கணக்கிடும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1970களில் கனடாவில் எரிக் பேனிஸ்டர் என்ற ஆய்வாளர், ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் இரண்டு தடங்களை விடுகிறது என்று கணித வடிவில் சொன்னார். ஒன்று தகுதி, மற்றது களைப்பு. களைப்பு பெரிதாக எழும், நாள் கணக்கில் வடியும். தகுதி சிறிதாக எழும், வாரக் கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்றைக்கு நம்மால் எவ்வளவு முடியும் என்பது. போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரம் பயிற்சியைக் குறைப்பதன் காரணம் இங்கே தெளிவாகிறது. களைப்பு வடிந்துவிடும், தகுதி அவ்வளவு சீக்கிரம் குறையாது. கடந்த 7 நாள் பளுவையும் அதற்கு முந்தைய வாரங்களின் பளுவையும் வாட்ச் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதும் இந்தச் சிந்தனையின் வழிதான்.

இரவில் வாட்ச் பார்ப்பது எச்ஆர்வி, அதாவது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியின் மாறுபாடு. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக வினாடிக்கு ஒன்று என்று அர்த்தமில்லை. ஒரு இடைவெளி 0.95 வினாடி, அடுத்தது 1.04 வினாடி என்று மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு ஓய்வாக இருக்கும்போது இந்த மாறுபாடு கூடும், நெருக்கடியில் இருக்கும்போது குறையும். நம்முடைய இயல்பான அளவு எது என்று தெரிந்துகொள்ள வாட்ச்சுக்கு மூன்று வாரம் போல ஆகும், அதுவரை இரவில் தொடர்ந்து கட்டியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பயனே இல்லை. கல்யாண வீட்டில் இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் என் எச்ஆர்வி கீழே இறங்கும். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவே இறங்கி, ஓய்வுத் துடிப்பு ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அன்று காலை வாட்ச் போட்டிருந்த வேகப் பயிற்சியை எடுத்துவிட்டு ஓய்வு என்று காட்டியது. நானும் ஓய்வெடுத்தேன்.

செப்டம்பர் முழுக்க அது என்னை 132க்கும் 138க்கும் நடுவில் ஓடச் சொன்னது. கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிடம். 140ஐத் தொட்டால் மணிக்கட்டு அதிரும். எங்கள் ஓட்டக் குழுவில் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எல்லாம் கடந்து போவார்கள். "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு தம்பி நிஜமான அக்கறையோடு கேட்டான். "இல்லப்பா, இன்னைக்கு 136தான் போட்டிருக்கு" என்றேன். இந்த மெதுவான ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் தசைக்கு வருகிறது. நீண்டதூர வீரர்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்பதை நார்வேயில் பணிபுரியும் ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலர் பதிவு செய்திருக்கிறார். உலகத் தர வீரர்களே அப்படி என்றால் நமக்கென்ன அவசரம்? டிசம்பரில் அதே 136 துடிப்பில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பங்கு மார்கழிக் குளிர்ச்சியின் உபயம், மீதி அந்த மெதுவான காலைகள் தந்தது.

குளிர்ச்சி என்றேன். சென்னையில் பயிற்சி எடுப்பவர்கள் வாட்ச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடம் இது. செப்டம்பரில் விடியற்காலையிலும் இங்கே 26 டிகிரி இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடம்பு குளிராது. சூட்டை வெளியேற்ற ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்குத் திருப்ப வேண்டும், வியர்த்து ரத்தத்தின் கனஅளவும் குறையும். ஒரு துடிப்புக்குப் போகும் ரத்தம் குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். ஒரே வேகத்தில் ஓடினாலும் நாற்பது நிமிடத்தில் துடிப்பு பத்து, பன்னிரண்டு ஏறிவிடும். போனிலிருந்து வானிலையை எடுத்து வெப்பத்துக்குக் கழிவு கொடுக்கும் வாட்ச்கள் உண்டு. சிலவற்றில் 22 டிகிரிக்கு மேல் போனால் அந்தக் கணக்கு தொடங்கும். சென்னையில் டிசம்பர், ஜனவரியின் சில காலைகளைத் தவிர வருடம் முழுக்க 22க்கு மேல்தான். எனவே மெதுவான ஓட்டங்களுக்கெல்லாம் இலக்கை வேகத்தில் வைக்காமல் துடிப்பில் வைத்துக்கொள்வது நல்லது. சூடு அதிகமான நாளில் வேகம் தானாகக் குறையும், உடம்பு தப்பிக்கும். இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் மூன்று நிமிட இன்டர்வல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இதயம் வேகத்துக்கு ஏறி வர ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் பாதி முடிந்துவிடும். அவற்றை வேகத்தை வைத்தே ஓட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை ஓட்டக் குழுக்களில் இன்னும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் உடல் வெப்பம் அரை டிகிரியை ஒட்டி உயரும், ஓய்வுத் துடிப்பு சில எண்கள் ஏறும், எச்ஆர்வி இறங்கும். இயற்கையான இந்த மாற்றத்தை வாட்ச் களைப்பு என்று படித்துவிட்டு, அந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே போகும். என் வயதில் சுழற்சி ஒழுங்காகவும் இருப்பதில்லை, நடு இரவில் வியர்த்து எழுவதும் உண்டு. நான் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் எண் இறங்கியிருந்தாலும் உடம்பு சுறுசுறுப்பாக இருந்தால் வாட்ச் முதலில் போட்டிருந்ததையே ஓடினேன். மாறாக எண் நன்றாக இருந்தும் கை கால் அசந்து கிடந்தால் விட்டேன்.

வாட்ச்சுக்குக் கால் கிடையாது. அதற்குத் தெரிந்தது இதயம் மட்டும்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மாரத்தான் பயிற்சியில் வரும் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறக்கிறது. மூச்சு தாராளமாக இருக்கிறது என்று ஓடுவோம், குதிகால் தசைநார் தாங்காது. அக்டோபரில் எனக்கு இடது முன்காலின் உள்பக்கத்து எலும்பை ஒட்டி வலி எடுத்தது. காலையில் படியிறங்கும்போது தெரியும், ஓட ஆரம்பித்த ஒரு கிலோமீட்டரில் மறைந்துவிடும். வாட்ச்சோ, உறக்கம் அருமை, எச்ஆர்வி சமநிலை, இன்றைக்கு ஒரு மணி நேரம் த்ரெஷோல்ட் எனும் கடினமான வேகப் பயிற்சி என்று காட்டியது. என் அம்மா நான் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "காலை இழுத்து இழுத்து வைக்கிறியே, இன்னைக்கு என்னடி ஓட்டம்?" அந்த வாரம் முழுக்க ஓடவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன், கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதை இன்றும் சமையலறையில் பால் காயும் நேரத்தில் செய்கிறேன். வலி எலும்பில் ஒரு புள்ளியில் குத்துகிறது, இரவிலும் இருக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்காமல் ஒரு அடிகூட ஓடக் கூடாது, வாட்ச் என்ன பச்சை காட்டினாலும்.

லாங் ரன் விஷயத்திலும் நான் வாட்ச்சை மீறினேன். உச்சக் கட்டத்திலும் அது எனக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டியே நீண்ட ஓட்டங்களைப் போட்டது. இதயப் பளுவின் கோணத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஐந்து மணி நேரத்தை நெருங்கி ஓடப்போகிற ஒருவருக்கு அது போதாது. காரணம் எரிபொருள். ஒரு கிலோ உடம்பை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி. என் எடை 58. முழு மாரத்தானுக்கு 2,400 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து இரண்டாயிரத்தைத் தாண்டுவது அரிது. கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலர் சுவரில் மோதியதுபோல நின்றுவிடுவது இதனால்தான். ஓடிக்கொண்டே சாப்பிடுவதற்கு வயிற்றைப் பழக்க வேண்டும், அதை 15 கிலோமீட்டர் ஓட்டத்தில் பழக்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவோடு சேர்ந்து 24, 28, 30 என்று தூரத்தைக் கூட்டினேன். கிளம்பும் முன் இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு. வழியில் பேரீச்சம்பழம், வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. ஜெல் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, எனக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் குமட்டியது. மணிக்கு 30இலிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு, எந்த வடிவில் என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது. ஞாயிறு நீள ஓடிவிட்டுப் பதிவு செய்தால், வாட்ச் திங்களையும் செவ்வாயையும் தானாக இலகுவாக்கிக்கொள்ளும். நாம் மீறுவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்ததைச் சொல்வதுதான் இந்த முறையின் அழகு.

நவம்பர் மழை பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரிப் போட்டிக்கான பயிற்சியின் உச்சம் வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தோடு வந்து நிற்கும். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அடுத்த பயிற்சி இன்டர்வல் என்று திரையில் இருக்கும். பாதாளச் சாக்கடை மூடி தெரியாத தெருவில் தண்ணீருக்குள் கால் வைப்பதைவிட அந்த வாரத்தை இழப்பது மேல். நான் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன், ட்ரெட்மில் உள்ள தோழி வீட்டுக்குப் போனேன். மழை விட்டபின் வாட்ச் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றியது. தாளில் உள்ள அட்டவணையாக இருந்திருந்தால் விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிக்கக் கை துறுதுறுத்திருக்கும்.

போட்டி வாரத்தில் என் வாட்ச் நாலு மணி 25 நிமிடத்தில் முடிப்பேன் என்றது. விஓ2 மேக்ஸிலிருந்து வரும் அந்த எண், தொடைகள் நான்கு மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. நான் நாலு மணி 50 நிமிடத்துக்கு வேகத்தைத் திட்டமிட்டேன். நேப்பியர் பாலத்தில் இருட்டில் கிளம்பி, முதல் 20 கிலோமீட்டர் 150 துடிப்பைத் தாண்டாமல் ஓடினேன். சூரியன் ஏறிய பிறகு துடிப்பு தானாக உயரும். அதை அடக்க நினைத்தால் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் 30க்கு மேல் துடிப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மூச்சையும் காலையும் மட்டும் கவனித்தேன். தூரத்தையும் வாட்ச்சை நம்பி ஓடக் கூடாது. மாரத்தான் பாதையை அளப்பவர்கள் சைக்கிளில் சக்கரச் சுற்றை எண்ணும் கருவியைப் பொருத்தி, வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் போய் அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலும் சேர்ப்பார்கள். நாம் தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, கூட்டத்தைச் சுற்றி ஓடுவோம். ஜிபிஎஸ்சும் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவில் தடுமாறும். என் வாட்ச் 42.6 காட்டிய இடத்தில்தான் முடிவுக் கோடு இருந்தது. சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டவர்களுக்கு அந்த 400 மீட்டர் அதிர்ச்சியாக இருக்காது. நாலு மணி 51 நிமிடத்தில் முடித்தேன். கடைசி ஐந்து கிலோமீட்டரில் யாரும் என்னை நடக்கவிடவில்லை, என்னைக் கடந்துபோன அந்தத் தம்பி 38ஆவது கிலோமீட்டரில் தசைப் பிடிப்போடு உட்கார்ந்திருந்தான். உப்புப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "மெதுவா நட, நின்னுடாதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனும் முடித்தான்.

போட்டி முடிந்த ஐந்தாறு நாளில் என் எச்ஆர்வி பழைய அளவுக்குத் திரும்பியது. மறுநாளே வாட்ச் வேகமான டெம்போ ஓட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. இதயம் தேறிவிட்டது என்பதில் அதற்குத் தப்பில்லை. தொடையின் தசை இழைகளில் ஏற்பட்ட சேதம் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பரிந்துரைகளை அணைத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அம்மாவோடு மாலை நடை மட்டும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த தேதியைப் பதிவேன்.